ஐம்பது வயதும் அட்ரினல் சுரப்பியும்



இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது, வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு பொருள். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதே அது. பெண்கள் சமாச்சாரம்தானே என்று ஆண்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். இது உங்கள் தாயின் கதை, மனைவியின் கதை, அக்காளின் கதை. பேச்சின் பிற்பகுதியில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அது ஆண்களுக்கும் பொருந்தும்.

நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளிக்குப் பிள்ளைகளின் தாய்மார்களும் பாட்டிமார்களும் வந்து போகிறார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களிடம் நலம் விசாரித்தால், பல வகையான பதில்கள் வரும். "திடீரென்று முகமெல்லாம் நெருப்பாய்க் கொதிக்கிறது." "ராத்திரி வியர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்து விடுகிறேன்." "கைகால் மூட்டெல்லாம் கழன்று போகிற மாதிரி வலிக்கிறது." இவற்றோடு ஒரு பயமும் இருக்கிறது. வர வேண்டிய இரத்தம் வராமல் உள்ளேயே கட்டிக்கொண்டு உடம்பைக் கெடுத்துவிடும் என்பது அந்தப் பயம். இன்னும் சிலர், "எல்லாம் வற்றிப் போய்விட்டது, இனி இந்த உடம்பில் ஒன்றும் இல்லை" என்று பெருமூச்சு விடுகிறார்கள். இந்த இரண்டு எண்ணங்களுமே சரியல்ல.

முதலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் என்ற பயத்தைப் பார்ப்போம். மாதந்தோறும் கருப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் வளர்கிறது. கரு தங்காவிட்டால் அந்தப் படலம் உதிர்ந்து வெளியேறுகிறது. அதுதான் மாதவிடாய். அந்தப் படலத்தை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோன். அதைச் சுரப்பது கருப்பையின் இருபுறமும் உள்ள சினைப்பைகள். ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய முட்டைகள் எல்லாம் சினைப்பையில் இருக்கின்றன. பிறகு புதிதாக உண்டாவதில்லை. ஐம்பது வயதை ஒட்டி அந்த இருப்புத் தீர்ந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜென் சுரப்பு குறைகிறது, படலம் வளர்வதில்லை, ஆகவே உதிர்வதற்கும் ஒன்றும் இல்லை. உண்டாகாத இரத்தம் எப்படி உள்ளே கட்டிக்கொள்ள முடியும்?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால், அது நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். நம் மலேசியாவில் பெரும்பாலான பெண்களுக்கு இது 50 வயதை ஒட்டி நடக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே நாள்கள் முன்னும் பின்னுமாகத் தடுமாறும். 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அது இயல்பான வயதல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி, "எல்லாம் வற்றிப் போய்விட்டது" என்ற பெருமூச்சுக்கு வருவோம். அடுக்களையில் பெரிய அடுப்பு அணைந்த பிறகும், பக்கத்தில் ஒரு சிறு அடுப்பு கனன்று கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய சமையலுக்கு அது போதாது. ஆனால் தண்ணீர் சுட வைக்கலாம், பாலைக் காய்ச்சலாம். சினைப்பை ஓய்ந்த பிறகு நம் உடம்பிலும் அப்படி ஒரு சிறு அடுப்பு இருக்கிறது. அதன் பெயர் அட்ரினல் சுரப்பி.

நம் முதுகுப்புறத்தில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன அல்லவா? ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல ஒரு சுரப்பி அமர்ந்திருக்கிறது. ஒன்றின் எடை 4 அல்லது 5 கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடை. இவ்வளவு சிறிய உறுப்பு இல்லாமல் மனிதன் உயிர் வாழ முடியாது. லண்டன் நகரில் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் என்ற மருத்துவர், இந்தச் சுரப்பி கெட்டுப்போனவர்கள் நாளுக்கு நாள் சோர்ந்து, தோல் கறுத்து, மெலிந்து இறந்துபோவதைக் கண்டு 1855ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார்.

இந்தச் சுரப்பியின் வெளிப்பகுதியில் மூன்று அடுக்குகள் உள்ளன. முதல் அடுக்கு உடம்பில் உப்பும் நீரும் சரியான அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. நடு அடுக்கு கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பசி, நோய், காயம், கவலை எதுவானாலும் தாங்கி நிற்கிற பலத்தை உடம்புக்குத் தருவது இதுதான். விடியற்காலையில் கார்ட்டிசோல் மிகுதியாகவும், நள்ளிரவில் மிகக் குறைவாகவும் இருக்கும். இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு, அந்நேரத்தில் உடம்பை எழுப்பிவிட்டதில் இதற்கும் பங்குண்டு.

மூன்றாவது அடுக்குதான் இன்றைய பேச்சுக்கு முக்கியம். அது டி.எச்.இ.ஏ. என்ற பொருளைச் சுரக்கிறது. இதை ஒரு கச்சாப் பொருள் என்று சொல்லலாம். மரத்திலிருந்து இறங்கும் அதே பால்தான் ஓர் ஆலையில் டயராகிறது, இன்னோர் ஆலையில் செருப்பாகிறது. அதுபோல டி.எச்.இ.ஏ. இரத்தத்தில் கலந்து, கொழுப்பு, தோல், தசை, எலும்பு ஆகிய இடங்களுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தந்த இடத்தில் தேவைக்கேற்ப ஆண் ஹார்மோனாகவோ பெண் ஹார்மோனாகவோ மாறுகிறது.

டி.எச்.இ.ஏ. இருபது வயதுகளில் உச்சத்தில் இருக்கிறது. பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. 70, 80 வயதில் உச்ச அளவில் பத்தில் ஒரு பங்கோ, இரண்டு பங்கோதான் மிஞ்சும். அப்படியானால் ஐம்பது வயதுப் பெண்ணுக்கும் அது இறங்கு முகமாகவே இருக்க வேண்டும். நெடுங்காலம் மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 42 வயது முதல் 52 வயது வரையுள்ள 3,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். வெள்ளையர், கறுப்பர், சீனர், ஜப்பானியர், ஸ்பானிய வழியினர் எனப் பல இனத்தவரும் இருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை அதே பெண்களை அழைத்து, இரத்தம் எடுத்துச் சோதித்து வந்தார்கள். அப்போதுதான் ஒரு புதுமை தெரிந்தது. மாதவிடாய் நிற்கும் தறுவாயில், 100 பெண்களில் ஏறத்தாழ 85 பேருக்கு அட்ரினல் சுரப்பு இறங்குவதற்குப் பதிலாகச் சற்று ஏறியது. நின்ற பிறகு கொஞ்ச காலம் அப்படியே இருந்து, பின்னர் பழையபடி இறங்கத் தொடங்கியது. அறுவைச் சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்ட பெண்களிடமும் இந்த ஏற்றம் காணப்பட்டது. எனவே இது சினைப்பையின் வேலையல்ல, அட்ரினல் சுரப்பியின் வேலையே என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

பெரிய அடுப்பு அணையும் நேரத்தில் சிறு அடுப்பு சற்றுத் தூண்டிவிடப்படுகிறது, பார்த்தீர்களா! ஆனால் இந்த ஏற்றம் எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி ஒன்றும் தெரியாமல் இந்தக் காலத்தைக் கடந்துவிடுகிறாள், மற்றொருத்தி படாத பாடு படுகிறாள். இந்த வேறுபாட்டுக்கு அட்ரினல் சுரப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே, "எனக்கு ஒன்றும் வரவில்லையே, அவள் மட்டும் ஏன் இப்படிப் பாசாங்கு செய்கிறாள்?" என்று யாரும் பேச வேண்டாம்.

மாதவிடாய் நின்ற பிறகு பெண் உடம்பில் மிஞ்சும் ஈஸ்ட்ரோஜெனில் பெரும்பகுதி, அட்ரினல் தரும் கச்சாப் பொருளிலிருந்து கொழுப்புத் திசுவில் உருவாவதுதான். அதற்காக, கொழுப்பு கூடினால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. உடல் பருத்தவர்களுக்கு இந்த ஈஸ்ட்ரோஜென் அளவுக்கு மீறினால் கருப்பையின் படலம் தடித்து, புற்றுநோய்க்கு இடம் தரும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து மறுபடி ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், "பழையபடி வந்துவிட்டது" என்று மகிழ்ந்துவிடாமல், வெட்கப்படாமல் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

கார்ட்டிசோலிலும் ஒரு மாற்றம் காணப்படுகிறது. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் நடந்த மற்றோர் ஆய்வில், மாதவிடாய் நிற்கும் தறுவாயில் பல பெண்களுக்கு இரவில் கார்ட்டிசோல் கூடுவது தெரிந்தது. அப்படிக் கூடியவர்களுக்கு உடல் கொதிப்பும் கடுமையாக இருந்தது. இரவில் தாழ்ந்திருக்க வேண்டியது உயர்ந்திருந்தால் நல்ல உறக்கம் எப்படி வரும்? ஆகவே ஐம்பது வயதுப் பெண் இரவில் புரண்டு புரண்டு படுப்பதும், பகலில் எரிந்து விழுவதும் குணக்கேடு அல்ல. உடம்பே ஒரு மாறுதலுக்கு ஆளாகியிருக்கிறது. வீட்டார் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நேயர்களே, இனி நாம் சொன்ன எச்சரிக்கைக்கு வருவோம். இந்த வயதில் நம் பெண்கள் அதிகம் சொல்லும் குறை மூட்டு வலி. பால்மரம் வெட்டியும், செம்பனைத் தோட்டத்தில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கியும் உழைத்துத் தேய்ந்த உடம்பு. இன்று தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோய்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் வலி விட்டபாடில்லை. குளுவாங், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி என்று ஜொகூரில் எங்கே போனாலும் இரவுச் சந்தை உண்டு. அங்கே ஜாமு என்றும், மாஜுன் என்றும், மூலிகை மாத்திரை என்றும் வாத வலிக்கு மருந்து விற்கிறார்கள். இப்போது கைத்தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கே வந்து சேர்கிறது. "இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், லயம் முழுவதும் வாங்கிவிடுகிறார்கள்.

வலி பறந்தது உண்மையாகவே இருக்கலாம். எப்படிப் பறந்தது என்பதுதான் கேள்வி. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், கடும் மூட்டு நோயால் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருத்திக்கு, அட்ரினல் ஹார்மோன் வகையைச் சேர்ந்த கார்ட்டிசோனை ஊசியாகச் செலுத்தினார்கள். சில நாள்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தாள். உலகமே வியந்தது. 1950இல் இந்தத் துறைக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிறகு இதே வகையில் இன்னும் வலிமையான மருந்துகளைச் செயற்கையாகச் செய்தார்கள். அவற்றில் ஒன்று டெக்சாமெத்தசோன். நம் உடம்பின் கார்ட்டிசோலைப் போல 25 மடங்கு வலிமை கொண்டது. மருத்துவர் அளந்து கொடுக்கும்போது இது உயிர் காக்கும் மருந்து. ஆனால் இதையே இரகசியமாகக் கலந்து, "வேரும் தழையும்தான்" என்று சொல்லி விற்கிறார்கள். நம் நாட்டின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் சோதித்துப் பார்த்து, இப்படி டெக்சாமெத்தசோன் கலந்த மருந்துகளின் பெயர்களைப் பலமுறை வெளியிட்டு, அவற்றின் பதிவை இரத்துச் செய்திருக்கிறது.

கலந்தால் என்ன கெடுதி என்று கேட்கலாம். மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. அதைக் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் கார்ட்டிசோல் குறைந்தால், "சுரந்து கொடு" என்று அட்ரினலுக்கு ஆணையிடுவது அதன் வேலை. வெளியிலிருந்து மாத்திரை வழியாக அதே வகைச் சரக்கு வந்து குவிந்தால், கங்காணி ஆணை போடுவதை நிறுத்திவிடுகிறார். வேலை இல்லாத அட்ரினல் சுரப்பி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சும்மா கிடந்து சுருங்கிப் போகிறது. டி.எச்.இ.ஏ. சுரப்பும் அதோடு படுத்துவிடுகிறது. சினைப்பை ஓய்ந்த பெண்ணுக்கு மிஞ்சியிருந்த சிறு அடுப்பிலும் தண்ணீர் ஊற்றியாயிற்று!

இதற்கிடையில் உடம்பில் மாறுதல்கள் தோன்றும். முகம் உருண்டு நிலவைப் போலாகும். வயிறும் பிடரியும் பருக்கும். கைகால் மட்டும் மெலியும். "அக்கா, உடம்பு தேறிவிட்டதே" என்று பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். அது தேறியதல்ல. தோல் மெலிந்து, இலேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப் போகும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்த இந்தியர்களில் 100க்கு 31 பேருக்கு நீரிழிவு. ஏற்கெனவே சர்க்கரை உள்ள வீட்டில் இந்த மாத்திரை எரிகிற தீயில் எண்ணெய்தான். மாதவிடாய் நின்றதும் எலும்பு வேகமாகத் தேயத் தொடங்கும் காலம் அது. இந்த மருந்து எலும்பை மேலும் அரிக்கும்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். இப்படிப்பட்ட மாத்திரையைப் பல வாரங்களாகச் சாப்பிட்டு வருகிறவர்கள், இந்தப் பேச்சைக் கேட்டுப் பயந்து நாளையே தூக்கி எறிந்துவிடக் கூடாது. மாத்திரை நின்றுவிட்டது, உள்ளே அட்ரினலோ இன்னும் உறங்குகிறது. அந்த நேரத்தில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடம்பால் தாங்க முடியாது. கடுமையான சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், மயக்கம் என்று வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மாத்திரையை அட்டையோடும் பெட்டியோடும் எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். "எவ்வளவு காலமாக, ஒரு நாளைக்கு எத்தனை" என்று மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் திட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம். அவர் இரத்தத்தைச் சோதித்து, முறையான மருந்து கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, சுரப்பியை மெல்ல எழுப்புவார். வாந்தியும் மயக்கமும் வந்துவிட்டால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் 999ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சாப்பிட்டு வந்த மாத்திரையைப் பற்றி அங்கே உடனே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா போன்ற நோய்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தைக் கண்டு அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். அது அளந்து கொடுத்தது. நாம் எச்சரிப்பது, பெயரும் அளவும் தெரியாமல் மறைத்து விற்கப்படுவதைப் பற்றித்தான்.

நல்ல மருந்தை எப்படி அடையாளம் காண்பது? மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளைப் பதிவு செய்யும் முறை 1992ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருக்கிறது. பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண்ணும், மின்னும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்கும். இவை இரண்டும் இல்லாததைத் தொடவே வேண்டாம். போலி எண் அச்சிடுகிறவர்களும் இருப்பதால், ஐயம் இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் உள்ள மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள். பிள்ளைகள் ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எண்ணைத் தேடிப் பார்த்துச் சொல்லலாம். எந்த வாத மருந்தாவது இரண்டே நாளில் மாயம்போல் வேலை செய்தால், மகிழ்ச்சிக்கு முன்னே சந்தேகம் வரட்டும்.

டி.எச்.இ.ஏ. குறைகிறதென்றால் அதையே மாத்திரையாக வாங்கிச் சாப்பிடலாமே என்று சிலர் நினைக்கலாம். சில நாடுகளில் அதைக் கடையிலேயே விற்கிறார்கள். மருத்துவர் சொல்லாமல் அதைச் சாப்பிடுவது முறையல்ல. முகத்தில் பருவும் மயிரும் தோன்றலாம்; மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஆபத்தாகலாம். "அட்ரினல் களைப்பு" என்று ஒரு நோயின் பெயரைச் சொல்லிச் சத்து மாத்திரை விற்பவர்களும் உண்டு. அப்படி ஒரு நோயைச் சுரப்பியியல் மருத்துவ வல்லுநர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

சரி, என்னதான் செய்யலாம்? உறக்கத்தைக் காப்பது முதல் வேலை. மெல்லிய பருத்தி ஆடை, படுக்குமிடத்தில் காற்றோட்டம், மாலைக்குப் பிறகு கோப்பியும் கெட்டித் தேநீரும் இல்லாமை ஆகியவை கொதிப்பைத் தாங்க உதவும். நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடப்பது எலும்புக்கும் எடைக்கும் மனத்துக்கும் நல்லது. "நாள் முழுதும் வேலைதானே செய்கிறோம்" என்பவர்களும் கைவீசி நடக்கலாம். முள்ளோடு தின்னும் நெத்திலி, கீரை வகைகள், தவு, பால் இவை எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்துத் தரும். மூட்டு வலி தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கொதிப்பு மிகக் கடுமையாக இருந்தால் ஈஸ்ட்ரோஜென் மருந்தும் உண்டு. அது யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதல்ல என்பதை மருத்துவர் சோதித்துச் சொல்வார்.

பிள்ளைகளே, கணவன்மார்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்றிரவே அம்மாவின் தலைமாட்டிலோ, சாமி மாடத்துக்குப் பக்கத்திலோ இருக்கும் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பெயர் இருக்கிறதா, எண் இருக்கிறதா, எத்தனை நாளாய்ச் சாப்பிடுகிறார் என்று அன்பாகக் கேளுங்கள். கிளினிக்குக்குத் தனியே போகக் கூசுகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நின்றுபோனது மாதவிடாய் ஒன்றுதான். ஐம்பதுக்கு மேல் இருபது, முப்பது ஆண்டுகள் நம்மோடு வாழ வேண்டிய உடம்பு அது. தன்னால் இயன்றதைத் தந்துகொண்டிருக்கும் அந்தச் சிறு சுரப்பியை நாமாகக் கெடுத்துவிடாமல் இருப்போமாக.